நூலகரின் ஒரே நூல்

உலகத்திலேயே ஒரு புத்தகம்கூட இல்லாமல் நூல் நிலையம் நடத்தியவர் எங்கள் அரிமளத்து ‘நூலகர்’ ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவர் விற்றது நூல்கண்டுகளும், சிலேட்டு அளவுச் சட்டத்தில் ஆணி அடித்த சின்னத் தறிகளும். நூல் விற்கும் இடம் நூல் நிலையம்தானே என்று பலகை மாட்டிவிட்டார். பேப்பர் படிக்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பவில்லை. ஆளுக்கொரு தறியை மடியில் வைத்துவிட்டார்.

நானும் அப்படி மாட்டியவள்தான். கல்லூரிக்குப் போகும் வழியில் மகள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து, தாடையில் ஆறு தையல். அவளுக்குக் காயம் ஆறிவிட்டது. எனக்குப் பயம் ஆறவில்லை. மறுபடி வண்டி எடுத்தவளை மணிக்கு நாலு தடவை போனில் கூப்பிட்டேன். “ஏதாவது எடுத்துப் படிம்மா, என்னைய விடு” என்றாள். போனேன்.

“நல்ல நாவல் ஒண்ணு குடுங்க.”

“நாவல்ல ரெண்டு நெறம் இருக்குக்கா. பழுத்ததா, செங்காயா?”

வெட்கத்தில் பழுத்த நிறத்து நூலையும் ஒரு தறியையும் வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பார்த்தால், என் துணி நடுவில் இடுப்பு சிறுத்து நின்றது. நூலகர் தூக்கிப் பார்த்தார்.

“துணி நெய்யச் சொன்னா உடுக்கை செஞ்சிருக்கீங்க. வரிக்கு வரி இழுத்துப் பிடிக்காதீங்கக்கா. கொஞ்சம் தொய்வா விட்டு அமுக்குங்க, அது தானா ஒக்காரும்.”

அன்று மகள் முதல்முறையாகப் பொன்னமராவதி வரைக்கும் வண்டியில் போயிருந்தாள். சேர்ந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னவள் கூப்பிடவில்லை. போனை எடுத்தேன்.

“அதை இங்கிட்டு வைங்க. வண்டி ஓட்டுற பிள்ளை எப்படி எடுக்கும்? பத்து வரி நெய்ங்க, நானே போட்டுத் தாரேன்.”

நெய்தேன். அவர் எண்ணினார். “நாலு… அஞ்சு… ஆறு…” அடுத்த வரிக்கும் ஆறு என்றார். அதற்கடுத்ததும் ஆறுதான்.

பேப்பர் படிக்க வந்து தறியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், “ஒனக்கு ஏழு வராதா?” என்றார்.

“வர்றப்ப வரும். நீங்க ஒங்க வேலையப் பாருங்க.”

பதினெட்டாவது ஆறில் போன் அடித்தது.

“வந்துட்டேம்மா. நீ ஏன் இன்னும் கூப்பிடல? ஒனக்கு ஒடம்புக்கு முடியலையா?”

மடியில் துணி, சிறுத்திருந்த இடுப்பிலிருந்து மெல்ல அகன்று வந்திருந்தது.

அவிழ்த்துவிடலாம் என்றேன். நூலகர் கேட்கவில்லை, பலகைக்குக் கீழே மாட்டிவிட்டார். யாராவது புத்தகம் கேட்டு வந்தால், “நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரு நூல்தான். எழுதினது அக்கா” என்று காட்டுவாராம்.

இரவல் மட்டும் தர மாட்டாராம்.