பூக்கேட்டுத் தேர்ந்த பைத்தான் புத்தகம்

மோகனூர்,
மாசி 10

அயோத்தியாப்பட்டணத்தில் மக்களோடும் மனைவியோடும் இனிது வாழும் மைத்துனர் கந்தவேலுக்கு, அர்த்தநாரி திருநீறிட்டு எழுதுவது. முருகன் அருளால் நானும் உம் தமக்கை ரஞ்சிதாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் பற்றிப் பின்வருமாறு.

பங்குனி உத்திரத்தன்று என் நானூறு முருகன் பாடல்கள் நூலாக வேண்டும் என்பதும், அவற்றைத் தட்டச்சிட்டு அனுப்பிய அச்சகத்தார், பாட்டு முதற்குறிப்பை அகர வரிசையில் நானே இந்த வெள்ளிக்கிழமைக்குள் தந்தால்தான் அச்சேறும் என்றதும், அதைக் கணினியே செய்யுமென்று நீர் பைத்தான் மொழி கற்பிக்கும் புத்தகங்கள் மூன்றை அனுப்பியதும் நீர் அறிந்தவையே. ஒன்று மெலிந்தது, ஒன்று படம் நிறைந்தது, ஒன்று எண்ணூறு பக்கத் தலையணை. எது நல்லதென்று விளங்காமல் மலைக்கோயிலில் பூக்கேட்டேன். "ஏனுங்க சாமி, கெணறு வெட்டப் பூக் கேப்பாங்க, பொண்ணெடுக்கக் கேப்பாங்க. பொஸ்தகத்துக்குமாங்க?" என்றார் பூசாரி. நூலுக்கொரு பூவென வெள்ளரளி, செவ்வரளியோடு மூன்றாவதாகச் செவ்வந்தியையும் பொட்டலமிட்டு, சந்நிதியில் வைத்து ஒன்றை எடுத்தோம். செவ்வந்தி வந்தது, தலையணை வாய்த்தது.

இறைவன் தந்த நூலை இடையில் புரட்டலாமா? நாளும் நீராடி, விளக்கேற்றி, ஒரு மண்டலம் பாராயணம் செய்தேன். பதிப்புரிமைப் பக்கத்தையும் விட்டேனில்லை. பயிற்சி வினாக்களை இருமுறை ஓதினேன். "ஏனுங்க, மிசினு தூசி புடிச்சுக் கெடக்குது. தொட்டுப் பாத்தாத்தானுங்க வரும்" என்றாள் உம் தமக்கை. "நூல் முற்றுப்பெறாமுன் கருவியைத் தீண்டுவது முறையன்று" என்றேன். "லாரி ஓட்டறதையும் இப்படித்தான் ஓதிக் கத்துக்குவீங்களாக்கும்!" என்று போய்விட்டாள். நேற்று நாற்பத்தெட்டாம் நாள். கற்பூரம் காட்டிக் கணினியைத் திறந்தேன். எண்ணூறு பக்கம் ஓதியவனுக்கு எந்த விசையை முதலில் அழுத்துவதென்று தெரியவில்லை. அழுத்தியதற்கெல்லாம் பிழை, பிழை என்று சிவப்பெழுத்தில் கத்துதுங்காணும்! தெய்வத்தைக் குறைகூற மாட்டேன். புத்தகம் வாங்கியவர் நீர். ஆகவே, கணினியைத் தொடாமலே கற்பிக்கும் நல்ல நூலொன்றைத் தேடி உடனே அனுப்பும்.

உம் இல்லத்து வாசலில் வேலன் என்றும் காவல் நிற்பானாக.

அர்த்தநாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ரஞ்சிதா அகர வரிசைப் பட்டியலை நீட்டினாள். "மகளிர் குழுவுல முந்நூறு பேரு பேரையும் நாந்தானுங்க மிசினுல வரிசைப்படுத்தறேன். ஒரே பொத்தானுங்க." முன்பே சொல்லலாகாதா என்றேன். "நீங்க பூவைத்தானுங்களே கேட்டீங்க, என்னையக் கேட்டீங்களா?" என்றாள். அதுவன்று துயரம். வரிசையில் நின்றபின்தான் தெரிகிறது, ஒரு பாட்டை அடி பிசகாமல் இருமுறை பாடியிருக்கிறேன். உள்ளவை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதே. புத்தகம் அனுப்ப வேண்டா. வெள்ளிவரை தொலைபேசியிலும் அழையாதீர், நானூறாவதைப் பாடிக்கொண்டிருப்பேன்.