உப்பும் லவண சூர்ணமும்

“யூலலி! அந்த லவண சூர்ணப் பாத்திரத்தைச் சற்றே இவ்விடம் நகர்த்தி அருள்வாயாக.”

“எதை?”

“சுட்ட சீமைப்பலாவின் சுவைக்குச் சோபை சேர்க்கும் அந்த வெண்துகளை.”

யூலலி உப்புக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உப்புன்னு சொல்லு. தர்றேன்.”

எக்பெர்ட் சொல்லவில்லை. உப்பில்லாமலே தின்றார்.

செயின்ட் வின்சென்ட் தீவின் அந்தக் கடலோர ஊரில் அவர் தையற்காரர். ஆனால் தான் பிறந்தது, வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் தேநீர்க் கூட்டத்துப் போட்டி மேடைக்காகத்தான் என்று அவருக்கு எண்ணம். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த கதை ஒன்றை எவருக்கும் புரியாத வார்த்தைகளில் அந்த மேடையில் சொல்ல வேண்டும். சொல்லவிடாமல் கத்திக் கவிழ்ப்பது கூட்டத்தின் வேலை. யாருக்குக் கூச்சல் அதிகமோ அவருக்கு மதிப்பு அதிகம். அத்தனை கூச்சலிலும் கவிழாதவருக்குக் கிரீடம். யாரும் கத்தவில்லை என்றால், அந்த ஆள் கூச்சலுக்குக்கூட லாயக்கில்லை என்று அர்த்தம்.

“ஏன்யா, வருஷம் பூரா இதே ரோதனை,” என்றாள் அவர் மனைவி யூலலி. “நேத்து கோழியைப் பிடின்னா பிடிச்சிருப்பேன். ‘குக்குடத்தைக் கைப்பற்றுக’ன்னு கத்துனா நான் எதைப் பிடிக்கிறது? அது பக்கத்து வீட்டுக்கே போயிடுச்சு.”

“அது உன் அறியாமை.”

“சரி, இன்னிக்குக் கூட்டத்துல ஜெயிச்சுட்டு வா. சாகுற வரைக்கும் உன் இஷ்டப்படி பேசு, வாயே தொறக்க மாட்டேன். தோத்தா, நம்ம வீட்டுல உப்பு உப்புதான், கோழி கோழிதான். சம்மதமா?”

“அங்ஙனமே ஆகுக!”

“ஆமான்னு சொல்லித் தொலையேன்.”

“அங்ஙனமே!”

சாயங்காலம் பள்ளிக்கூடத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் மீன்காரர் கான்ராட் ஏறி, நரியும் திராட்சையும் கதையைச் சொன்னார். பெஞ்சுகள் அதிர்ந்தன. “உன் நரியை இழுத்துட்டுப் போய்யா!” “திராட்சை அழுகிடுச்சு, இறங்கு!” கான்ராட் அசையாமல் நின்று முடித்தார்.

அடுத்து எக்பெர்ட். தானே தைத்த வால்கோட்டில் ஏறினார்.

“சபையோர்களே! கற்பாறை நிகர் கவசம் தரித்த கமடகுல திலகமும், மந்தகமன மார்க்கதரிசியுமாகிய கூர்மப் பெருந்தகை, தீர்க்க கர்ண விலாசமும் துரித பாத விகாசமும் வாய்ந்த சசகச் செல்வனை நோக்கி...”

ஆமை முயலைப் பார்த்தது, அவ்வளவுதான். இங்கே கூச்சல் வர வேண்டும். கூச்சல் வரும் இடத்தில்தான் எக்பெர்ட் மூச்சு விடுவார். அடுத்த வார்த்தையை யோசித்துக்கொள்வதும் அங்கேதான்.

கூச்சல் வரவில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

வார்த்தை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். “...ஓட்டப் பிரதாப ஜயாபஜய நிர்ணய நிமித்தம்...” என்று மூச்சுவிடாமல் ஏற்றினார். முகம் சிவந்தது. முன் பெஞ்சில் ஒருவர் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாவம், பல்வலி.

“...சசகமானது சயன சாகரத்தில் சர்வாங்க சங்கமமாகி...”

அமைதி.

“சபையோர்களே, தங்கள் கண்டன கோஷங்கள் எங்கே?” கெஞ்சினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேறு வழி தெரியாமல் எக்பெர்ட் மேடையின் இடது ஓரத்துக்கு ஓடினார். “டேய் எக்பெர்ட்! உன் ஆமை செத்துப்போச்சா?” என்று தன்னையே பார்த்துக் கத்தினார். வலது ஓரத்துக்கு ஓடி, “மூடனே! கூர்மத்துக்கேது மரணம்!” என்று பதில் சொன்னார். மறுபடி இடது பக்கம். “இறங்குடா கீழே!” மறுபடி வலது பக்கம். “யாம் இறங்கோம்!”

கூட்டத் தலைவர் ஆலிவர் மணியடித்தார். “எக்பெர்ட், உங்களை நீங்களே திட்டிக்க விதியில இடமில்லை. கதையை முடிங்க.”

எக்பெர்ட்டுக்கு மூச்சும் இல்லை, வார்த்தையும் இல்லை. கோட்டின் வால் நாற்காலிக் காலில் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஆமை... ஆமை வந்து... ஜெயிச்சுடுச்சு,” என்றார்.

கிரீடம் கான்ராட்டின் தலையில் ஏறியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் யூலலி அவர் தொப்பியைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தாள். “விடுய்யா. இந்த ஊருக்கு உன் அருமை தெரியலை.”

“உப்பு,” என்றார் எக்பெர்ட்.

“என்னது?”

“உப்பு. கோழி. சொல்லிப் பார்த்தேன்.”

“எவ்வளவு லட்சணமா வருது பாரேன்!” யூலலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எக்பெர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றவனை இப்படித் தாங்க எவள் இருக்கிறாள்?

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டார்கஸ். தாடையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

“யூலலி அக்கா, நில்லுங்க! வாயைப் பொத்திப் பொத்தி உயிரே போச்சு. பார்த்தீங்கல்ல, ஊர்ல ஒருத்தர்கூடக் கத்தலை. வீட்டுக்கு ஒரு தேங்காய் ரொட்டின்னீங்களே, எங்க வீட்டு ரொட்டியை இப்பவே தந்துடுறீங்களா?”