புளிக்குப் பயந்து

கோடை லீவு விட்ட மறுநாள் காலை, பழைய சோற்றின் கடைசிக் கவளம் உள்ளே இறங்கியதும், தீர்த்தகிரி வாத்தியார் ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தார். இந்த ஒன்றரை மாதமும் தம் ஐந்து வயது மகள் சின்னபொண்ணை வீட்டுக்குள் அடைத்து வைக்காமல், திறந்த வெளியில், காற்றாட விளையாட வைத்து வளர்ப்பது.

அந்தத் தீர்மானத்துக்குக் காரணம் எதிரே சுவரில் சாய்ந்து நின்றது. மூன்று கோணி மூட்டைகள். மூன்றிலும் புளி. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மாமனார், மருமகன்மேல் வைத்த பிரியத்தால், முந்தின நாள்தான் வண்டி கட்டி அனுப்பியிருந்தார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி, உப்புப் போட்டுப் பானையில் அடைக்க வேண்டியது மருமகன் வீட்டு வேலை.

போன வருஷம் வந்தது ஒரே மூட்டை. அதற்கே வாத்தியார் பதினோரு நாள் முதுகு வளைந்து உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ஏறிய கறுப்பு, பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதமாகியும் போகவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர் கரியடுப்புத் துடைத்தவரைப்போல் கரும்பலகை முன்னால் நின்றார். இந்த வருஷம் மூன்று மூட்டை என்றால், முதுகு திரும்ப நிமிருமா என்பதே சந்தேகம்.

"பழனி, குழந்தைக்கு வயசு அஞ்சாச்சு. ஓடியாடி விளையாட வேணாமா?" என்று ஆரம்பித்தார்.

அவர் மனைவி பழனியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க வேணாம்னது?"

"வூட்டுக்குள்ளயே கெடந்தா கை கால் எப்படி உறுதிப்படும்? சேலத்துல டிரெயினிங் படிக்கறப்ப எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. கோடையில பிள்ளைங்க மரத்தடியில இருக்கணும். மண்ணுல புரளணும்."

"முந்தாநாளு மண்ணுல புரண்டாள்னுதானுங்களே முதுகுல ஒண்ணு வெச்சீங்க?"

"அது படிக்கற நேரம். இது லீவு."

"அப்ப நீங்களே கூட்டிட்டுப் போறீங்களா?"

"பெத்தவன் கடமை இல்லையா?"

பழனியம்மாள் மூட்டைகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் மூட்டைகளைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

வாத்தியாருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அவள் மறுத்தால் சொல்வதற்கு இன்னும் நாலு நியாயங்கள் தயார் செய்து வைத்திருந்தார். கேட்டவுடனே மனைவி சரி என்று சொன்னால் கெட்டிக்காரப் புருஷன் கொஞ்சம் யோசிப்பான். வாத்தியார் யோசிக்கவில்லை. மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நல்லம்பள்ளிக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு மாந்தோப்பு. அதற்குக் காவல் முனிராஜ். வாத்தியாருக்குச் சிநேகிதன். அதைவிட முக்கியம், ஆடுபுலி ஆட்டத்தில் அந்தப் பக்கத்தில் அவனுக்கு ஈடு இல்லை. அடர்ந்த மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை. அதில் கரியால் கோடு கிழித்து, மூன்று பெரிய கல்லைப் புலியாகவும் பதினைந்து சிறு கல்லை ஆடாகவும் வைத்து இருவரும் உட்கார்ந்தால் பொழுது சாய்வது தெரியாது.

சின்னபொண்ணுக்கும் குறைவில்லை. விழுந்த பிஞ்சைப் பொறுக்கி உப்புத் தொட்டுத் தின்றாள். மாடு கட்டிக் கவலை இறைக்கும் கிணற்றின் வாய்க்காலில் கணுக்கால் தண்ணீரில் நின்று இலைகளை மிதக்கவிட்டாள். எறும்புப் புற்றுக்கு முன்னால் ஒரு மணி நேரம் குந்தியிருந்தாள். வாத்தியார் அன்றைக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தார்.

திரும்பும் வழியில் மகளிடம் கேட்டார். "அம்மா கேட்டா என்ன கண்ணு சொல்லணும்?"

"விளையாடினோம்னு."

"யாரு விளையாடினது?"

"நாம."

"கெட்டிக்காரி." இதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவர் மனசாட்சியும் ஒத்துக்கொண்டது.

வீட்டில் கால் கழுவி உட்கார்ந்ததுதான் தாமதம். "என்ன கண்ணு பண்ணீங்க இன்னிக்கு?" என்று பழனியம்மாள் கேட்டாள்.

"விளையாடினோம். அப்பா நெறைய ஆட்ட வெட்டினாரு."

பழனியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அத்தனை ஆட்டையும் வெட்டிட்டு, வூட்டுக்கு ஒரு துண்டு கறி எடுத்துட்டு வரத் தோணலயாங்க?"

"அது ஒண்ணுமில்ல, பழனி, ஒரு கல்லு..."

"அப்பாதாம்மா புலி" என்றாள் சின்னபொண்ணு, அப்பாவுக்கு ஒத்தாசையாக.

"தோப்புல புலியா இருக்கறவருக்கு, வூட்டுல புளின்னா ஏனுங்க பயம்?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். விடிந்தால் மூட்டை அவிழும், தம் கதை முடிந்தது என்றே நினைத்தார். ஆனால் பழனியம்மாள் கோபிக்கவில்லை. மகளின் தலையில் ஒட்டியிருந்த மாம்பூவை எடுத்துப் போட்டாள். "முகம் எத்தனை தெளிச்சியா இருக்குது பாருங்க. நாளைக்கும் போயிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் காலை வாசலில், அடுத்த வீட்டு லூர்துமேரியின் பிள்ளைகள் மூன்று பேர் கூழ்த் தூக்குடன் நின்றார்கள். மூத்தவள் வேளாங்கண்ணி, ஒன்பது வயது. மற்ற இரண்டும் அவள் இடுப்புக்குக் கீழே.

"இதுங்க எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"ஒண்டியா ஒரு பிள்ளை யாருகூடங்க விளையாடும்?" என்றாள் பழனியம்மாள். "கோடைக் காத்து நம்ம பிள்ளைக்கு மட்டுந்தான்னு டிரெயினிங்ல சொன்னாங்களா?"

அப்படிச் சொல்லவில்லை. ஆகவே கூட்டிக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டுக் குப்புராஜின் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தார்கள். அதற்கும் அடுத்த நாள் தெருக்கோடியிலிருந்து இன்னும் மூன்று. தாய்மார்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வாத்தியாரய்யா கையில் விட்டால் எங்களுக்குப் பயமில்லை. தெருவே மதிக்கும்போது மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வாரம் முடிவதற்குள் சின்னபொண்ணையும் சேர்த்துப் பதினெட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் அவருடைய வகுப்பிலேயே பதினாறு பேர்தான்.

எட்டாம் நாள் முனிராஜ் பாறையிலிருந்து கற்களை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

"வாத்தியாரே, போன வாரம் வரைக்கும் தோப்புக்கு அணிலு, கொரங்கு, கிளின்னு மூணு தொல்லை இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப அதுங்க வர்றதில்ல. பிள்ளைங்களப் பாத்துப் பயந்து ஓடிப்போச்சுங்க."

"சின்னஞ்சிறுசுங்க, முனிராஜ். என்ன, ரெண்டு பிஞ்சு..."

"ரெண்டு மரம், வாத்தியாரே. தோப்புக்காரரு வந்தா நான் எந்தக் கொரங்கக் காட்டறது? நீங்க எப்ப வேணுமானாலும் வாங்க. ஆனா தனியா வாங்க."

தனியாக எங்கே வருவது? வாத்தியார் தம் படையுடன் தோப்பை விட்டு வெளியேறி ஏரிக்குள் இறங்கினார். மழை கண்டு ஏழு மாதம் ஆன ஏரி. நடுவில் ஒரு குட்டைத் தண்ணீர், சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த மண், கரையில் பனை வரிசை. நிழல் என்றால் பனை நிழல்தான். பனைமரம் நகராது, அதன் நிழல் நகரும். பதினெட்டுப் பேரும் அதன் பின்னாலேயே நகர வேண்டும்.

முதல் நாள் அவர்களைச் சும்மா விட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் இரண்டு சண்டை, ஒரு கடி, குட்டைச் சேற்றில் முழங்கால் வரை ஒருத்தன். விளையாட்டு ஒன்று வைத்தால்தான் தாம் தப்பலாம் என்று புரிந்தது. பதினெட்டுத் தலைகளை எண்ணிப் பார்த்தார். மூன்று புலி, பதினைந்து ஆடு. கணக்குச் சரியாக இருந்தது.

ஒரு கம்பை எடுத்து, ஏரி மண்ணில் முப்பது அடி நீளத்துக்கு ஆடுபுலிக் கட்டம் கீறினார். கோடு கூடுகிற இடமெல்லாம் ஒரு பிள்ளை நிற்க வேண்டும். வேளாங்கண்ணியும் குப்புராஜின் மூத்த இரண்டு பிள்ளைகளும் புலி. மற்றதெல்லாம் ஆடு. வாத்தியார் கரைமேல் நின்று காய் நகர்த்தினார். பெரிய பாளையக்காரர் போல அவருக்கே ஒரு மிதப்பு வந்தது.

மூன்றாவது நகர்த்தலிலேயே வேளாங்கண்ணி ஓர் ஆட்டைத் தாண்டினாள். அந்த ஆடு சின்னபொண்ணு.

"கண்ணு, நீ செத்துட்ட. வெளிய வா."

"நான் சாகல."

"புலி உன்னத் தாண்டிடுச்சும்மா. தாண்டினா வெட்டினதா அர்த்தம்."

"அது தாண்டறப்ப நான் குனிஞ்சிட்டேன்."

வாத்தியார் பதினைந்து வருஷமாக ஆடுகிற ஆட்டம். குனிந்துகொண்ட ஆட்டுக்கு என்ன சட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் யோசிப்பதற்குள் மற்ற ஆடுகளும் சாக மறுத்துவிட்டன. நாம் பதினைந்து பேர், புலி மூணுதானே என்று எந்த ஆட்டுக்கோ தோன்றிவிட்டது. புலிகள் மூன்றும் கரைமேல் ஏறி ஓடி, வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தன.

"சார்தான் பெரிய புலி" என்றது ஒரு குரல்.

பிறகு ஓடியவர் வாத்தியார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு செருப்பு அறுந்து, ஏரிக்கரை முழுக்க ஓடினார். நாலாவது பனைமரத்தடியில் மூச்சு வாங்கி மல்லாந்து விழுந்தார். பதினெட்டுப் பேரும் மேலே ஏறி உட்கார்ந்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிறு வலிக்கும்வரை சிரித்தார். இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. அன்று வீடு திரும்புகையில் தோளில் இருந்த சின்னபொண்ணு அவர் காதைப் பிடித்து, "நாளைக்கும் நீயே புலியா வா" என்றாள். சரி என்றார்.

அடுத்த நாட்களில் நுங்கு வெட்டித் தந்தார். தின்று முடித்த நுங்குக் கூட்டில் கவைக்குச்சி செருகி நுங்கு வண்டி செய்து கொடுத்தார். ஏரிக்குள் பதினெட்டு வண்டிகள் ஓடின. கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. மனசுக்கு ஒரு குறையும் இல்லை. உடம்புக்குத்தான் முடியவில்லை. கழுத்தெல்லாம் வேர்க்குரு, குதிகாலெல்லாம் வெடிப்பு. தொண்டை கட்டிக் குரல் கிளிச்சத்தம் ஆயிற்று. படுத்தால் கனவில்கூட, "சார், இவன் கடிச்சுட்டான்" என்று யாரோ முறையிட்டார்கள்.

இருபதாம் நாள், நகர்ந்த பனை நிழலின் பின்னால் தாமும் நகர்ந்தபோது, வாத்தியாருக்குப் புளியின் அருமை தெரிந்தது. நிழலில் உட்கார்ந்த இடத்தில் வேலை. பக்கத்தில் பானைத் தண்ணீர். புளியங்கொட்டை கடிக்காது, மரம் ஏறாது, குட்டையில் இறங்காது. பாவம், பழனி ஒண்டியாக மூன்று மூட்டையுடன் என்ன பாடுபடுகிறாளோ என்று இரக்கம் வேறு சேர்ந்துகொண்டது. தோற்றேன் என்று சொல்ல வேண்டாம், மனைவி கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் வந்தேன் என்று சொல்லலாம். கௌரவமும் கெடாது. படையைத் திரட்டிக்கொண்டு உச்சி வேளைக்கே வீடு திரும்பினார்.

கொல்லைப் பந்தலில் ஒரே சிரிப்பொலி. எட்டிப் பார்த்தார். லூர்துமேரி, குப்புராஜ் சம்சாரம், இன்னும் அஞ்சாறு பேர் புளிக் குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பானை நீர்மோர். பழனியம்மாள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். "...செருப்ப உட்டுட்டு ஓடினாராம் புலி" என்று அவள் முடித்ததும், வாத்தியாரைக் கண்ட பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"நீ ஒண்டியா மூணு மூட்டையோட... மனசு கேக்கல, பழனி. நானும் உக்காந்து கொட்டை தட்டறேன்."

"நம்ம மூணு மூட்டையா? அது பத்தாம் நாளே முடிஞ்சுதுங்களே. பானையில அடைச்சு, வாயையும் கட்டியாச்சு."

வாத்தியார் குவியலைப் பார்த்தார். "அப்ப இது?"

"லூர்துமேரி வூட்டுதுங்க. பிள்ளைங்க காலச் சுத்தாம இருக்கவும் இவங்கல்லாம் வந்து நமக்குக் கை குடுத்தாங்க. நாம திருப்பிச் செய்ய வேணாமா?"

"வேணும், வேணும். நானும் ஒரு கை குடுக்கறேன்."

"ஐயோ, நீங்க இங்க உக்காந்தா எங்க பிள்ளைங்கள யாருங்கய்யா பாப்பாங்க?" என்றாள் லூர்துமேரி. "அப்புறம் நாங்க எங்க வேலைக்கு வர்றது?"

"இது முடிஞ்சா?" என்று வாத்தியார் மெல்லக் கேட்டார்.

"குப்புராஜ் வூட்டுல ரெண்டு மூட்டை. அதுக்கப்புறம் மேலத் தெரு."

"மேலத் தெருவா?"

பழனியம்மாள் எழுந்து வந்தாள். ஒரு செம்பு நீர்மோரை அவர் கையில் கொடுத்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து, பரிவோடு அவர் தலையில் போட்டாள். வேர்க்குருவைப் பார்த்து, சந்தனம் அரைத்துப் போடுகிறேன் என்றாள். இவ்வளவு அன்பை அவளிடம் அவர் அண்மையில் கண்டதில்லை. ஒரே மூச்சில் மோரைக் குடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெயில் தாழ்ந்ததும் கெளம்புங்க" என்றாள் அவள். "அதுக்குள்ள மேலத் தெருப் பிள்ளைங்க ஏழு பேரும் வாசலுக்கு வந்துடுவாங்க, அவங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடுங்க."