ஊசி நைனாவும் பிளந்த வாத்துச் செருப்பும்

கோட்டைக்குப்பத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு. ஒன்று, ஊசி நைனா தைத்து முடித்தது. மற்றது, ஊசி நைனாவின் கண்ணில் இன்னும் படாதது. பழவேற்காட்டுக் கடற்கரையின் அந்தக் குப்பத்தில் இரண்டு வருடம் குடியிருந்தவள் என்ற முறையில் இதைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. அப்பாவை நைனா என்று கூப்பிடும் ஊர் அது. ஐம்பதைத் தாண்டிய அவர் ஊருக்கே நைனா. வலை தைக்கும் ஊசி ஒன்று, பச்சை நைலான் நூலோடு, எந்நேரமும் அவர் காதில் செருகியிருக்கும். வெடித்த பக்கெட், கால் விரிந்த பிளாஸ்டிக் நாற்காலி, டீக்கடைத் தார்ப்பாய் என்று ஊர் முழுக்கப் பச்சைத் தையல்தான். ஒருமுறை பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்தவர், முன் சீட்டின் உறை கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டார். வழியில் திருப்பாலைவனத்தில் இறங்கவேண்டியவர், கடைசி முடிச்சு பாக்கி இருந்ததால் பழவேற்காடு வரை வந்து, மறுபடி டிக்கெட் எடுத்துத் திரும்பிப் போனார்.

நான் குடிவந்த முதல் வாரம் கொடியில் ஒரு ஜீன்ஸ் காயப்போட்டேன். முட்டியில் கடைக்காரனே அழகாகக் கிழித்து விற்கும் ரகம். மாலையில் பார்த்தால் இரண்டு முட்டியிலும் மீன்வலை. அவர் மனைவி தேசம்மா அக்கா வந்து வருத்தம் தெரிவித்தார். "பொம்பளப் புள்ள துணியாச்சே, கேட்டுட்டுத் தையினு சொன்னேன். சொன்னா கேக்குற ஆளா அது?" அந்த ஜீன்ஸை அதன் பிறகு நான் கடற்கரையில் மட்டும்தான் போட்டேன்.

ஆனால் ஆளின் உண்மையான கிறுக்கு தைப்பதில் இல்லை. எதையாவது காட்டி, கிழித்தது யார் என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலில் இருந்தது. எல்லாவற்றையும் கிழித்தது நண்டு. வலையைக் கிழித்தது நண்டு, பக்கெட்டை உடைத்தது நண்டு, என் ஜீன்ஸைக் கடித்ததும் நண்டுதான். பஸ் சீட்டுக்கு எங்கிருந்து நண்டு வந்தது என்று கேட்டதற்கு, யாராவது கூடையில் கொண்டு வந்திருப்பார்கள் என்றார். ஒரு தடவை ஒருவர் வலையை இன்னொருவர் படகின் இன்ஜின் காத்தாடி அறுத்துவிட்டது. இரண்டு வீட்டாரும் மணலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நைனா கிழிசலைத் தடவிப் பார்த்து நண்டு என்று தீர்ப்புச் சொன்னார். எந்த நண்டும் அவ்வளவு நேராகக் கடிக்காது என்பது அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் இவர்கள் கத்தி முடிப்பதற்குள் அவர் தைத்து முடித்துவிட்டதால், சண்டை போட ஓட்டை இல்லாமல் போய்விட்டது.

கடலுக்கடியில் பாறை நிறைந்த இடத்தை அங்கே பார் என்பார்கள். பாரில் வலை மாட்டிக்கொண்டால் இழுத்து வரமுடியாது, அறுத்துவிட்டு வரவேண்டியதுதான். அப்போது ஊசி நைனாவைக் கூப்பிடுவார்கள். அவர் முங்கிப் போய், ஒரு கண்ணி கிழியாமல் வலையை எடுத்துக் கொடுப்பார். நான் அங்கே போனது, கடலடியில் மீன் கணக்கெடுக்கும் ஒரு குழுவோடு. எங்களுக்குப் பாரைக் காட்டித்தர வந்த நைனா, எங்களிடமே முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கக் கற்றுக்கொண்டார். காலில் மாட்டும் ஃபின்னுக்கு அந்த ஊரில் வாத்துச் செருப்பு என்று பெயர்.

வாத்துச் செருப்பில் இரண்டு ஜாதி. பேடில் என்பது அகலமான ஒரே பலகை. நீரோட்டத்தை எதிர்த்து உதைக்கலாம், நின்ற இடத்தில் திரும்பலாம், பின்னாலும் நகரலாம். ஆனால் கால் வலிக்கும். ஸ்பிளிட் என்பது நடுவில் பிளந்து மீன்வால் மாதிரி இருக்கும். பிளவு வழியாகத் தண்ணீர் வழுக்கிப்போவதால் முட்டிக்குச் சுகம். நைனாவிடம் இருந்தது யாரோ விட்டுப்போன பழைய பேடில், கருங்கல் கனம். ஒவ்வொரு முறை கரையேறும்போதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், தேசம்மா அக்கா எண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டுவார். எனக்கு மனசு கேட்கவில்லை. சென்னைக்குப் போய், மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி ஸ்பிளிட் வாங்கி வந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை அதைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பிளவும் அடிமுதல் நுனிவரை பச்சை நூலால் மூடியிருந்தன.

"கடக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான் பாப்பா. ரெண்டுமே கிழிஞ்சி கீது. நான் தச்சிட்டேன்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கரையில் இருந்த பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள். பிறகு கத்தியை எடுத்து, தண்ணீர் எப்படி வழுக்குகிறது, முட்டிக்கு ஏன் நல்லது என்று பாடம் நடத்திக்கொண்டே தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசித் தையலின்போது மெதுவாக ஒன்று சொன்னார்.

"வலைக்குள்ள போறவனுக்கு சந்து ஆவாது பாப்பா. நூலு பூந்துக்கும்."

இது புது மாடல், வெளிநாட்டில் இதைத்தான் போடுகிறார்கள் என்றேன். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாட்டிக்கொண்டார். அவர் கேலியாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு உறைத்திருக்கும். அவர் நம்பித்தான் சொன்னார்.

இரண்டு வாரம் முட்டி வலியில்லாமல் திரிந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு ஒரு நாள் பாரில் வலை மாட்டியது. அவர் முன்னால், நான் பின்னால் முங்கினோம். கலங்கல் தண்ணீர், அலை அசைவு வேறு. வலையைப் பாறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தவரைத் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளியது. வலையின் நூல் ஒன்று அந்தப் பிளவுக்குள் நுழைந்து, உள்ளே போய் இறுகியது. ஒரே பலகையாக இருந்தால் வழுக்கிப் போயிருக்கும். அவர் காலை உதறினார், இன்னும் இறுகியது. நான் நீந்திப் போய் நூலை அறுப்பதற்குள் மூன்று முறை உதறிவிட்டார். மூன்றாவது உதறலில் முட்டி திருகிக்கொண்டது. தையலை அறுத்த அதே கத்திதான் என் கையில் இருந்தது.

படகில் தூக்கிப் போட்டதும் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நைனா சொன்னார்: "நண்டு. பாருக்குள்ள பெரிய நண்டு. காலப் புடிச்சிக்கிச்சி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. இனி தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பொன்னேரி டாக்டர் சொன்னபோதும் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் எங்கள் வேலை முடிந்தது, நான் மூட்டையைக் கட்டினேன். அடுத்த நான்கு வருடம் பழவேற்காடு பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

போன மாதம் போனேன். பச்சைத் தையல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய வலையையோ தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நாலடி நடந்து வந்தார், ஒரு கால் இழுத்தது. பாரில் மாட்டும் வலைகளை இப்போது அறுத்து அங்கேயே விட்டுவிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் சுண்டிப் போயிற்று.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த மஞ்சள் ஜோடி தொங்கியது. இரண்டு பிளவும் மறுபடி மூடியிருந்தன, முதல் தடவையைவிட நெருக்கமான முடிச்சுகள். இனிமேல் முங்கப்போவதில்லையே, எதற்குத் தைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வேற எவனாவது மாட்டிக்கினு போய்ட்டான்னா?"

நான்கு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்குத் தையலை நான் அறுக்காமல் இருந்திருந்தால் என்று தொடங்கியதும், அவர் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, தேசம்மா அக்காவிடம் டீ போடச் சொன்னார்.

"இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? நண்டு பாப்பா அது. வுடு."

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அன்று அவர் சொன்னதன் அர்த்தம் அந்த டீயைக் குடிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அது கிழிசல் இல்லை என்று அவருக்கு அன்றே தெரியும். நான் தவறாக வாங்கிவிட்டேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

ஊரில் யார் கேட்டாலும் இன்றுவரை அதே பதில்தானாம். தேசம்மா அக்காவுக்கும் அதேதான். அதனால் இதை இங்கே எழுதுகிறேன், டீக்கடையில் யாராவது படித்துக் காட்டட்டும். அந்த நண்டு இப்போது சென்னையில் வாராவாரம் பத்தி எழுதிப் பிழைக்கிறது, நைனா. அதன்மேல் கோபப்படாத ஒரே ஆள் நீங்கள்தான்.