ஆனி கடைசியில் ஒரு சிவப்புக் கார்

“என்னங்க, கதவு திரும்பவும் தொறந்துக்கிச்சு!”

குருநாதன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் மனைவியையும் பிடித்துக்கொண்டான். சாலை வலப்பக்கம் வளைந்தால் காரின் இடப்பக்கக் கதவு தானே திறந்துகொள்ளும். கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமே இல்லை.

கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் ஆடி பிறக்கிறது. புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. சண்முகசுந்தரி கொடைக்கானலில் தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். மாமனார், தானே வத்தலக்குண்டுக்கு வந்து மகளைப் பஸ்ஸில் அழைத்துப் போவதாகத்தான் சொன்னார். குருநாதனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரைக் காலி செய்த எஸ்டேட் துரையிடம் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், இரட்டை சீட்டோடு சிவப்பாக வாசலில் நிற்கும்போது, அவன் மனைவி கோழிக்கூடைகளுக்கு நடுவே பஸ்ஸில் போவதா?

அவன் அம்மா கந்தம்மாள் கடைசியில் ஒப்புக்கொண்டாள்.

“சரி, கொண்டுபோயி விடு. வெளக்கு வைக்கிறதுக்குள்ள சம்பந்தி வீட்டுல எறக்கிப்புடணும். பொழுது எறங்கிட்டா ஆடி முடியிற வரைக்கும் பொறப்பாடே கெடையாது. அவ நம்ம வீட்டுலதான் கெடக்கணும், ஊரே சிரிக்கும். அப்படி மட்டும் ஆச்சு, அந்த வண்டிய வித்துப்புடணும். பழனியாண்டவன் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணிவிட்டான். குருநாதனுக்குக் காரென்றால் உயிர். மனைவியென்றாலும் உயிர்தான், ஆனால் அவளைத் துடைத்துப் பளபளப்பாக்கி வாசலில் நிறுத்த முடியாது.

இப்போது அவன் காரை ஓரங்கட்டி, தன் துண்டால் கதவுப்பிடியை சீட்டோடு சேர்த்துக் கட்டினான். அதே வேகத்தில் சுந்தரியையும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

“இப்ப எப்படி?”

“கருவாட்டு மூட்டை மாதிரி இருக்குங்க.”

அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் பொசுக்கென்று நின்றது. மேட்டில் வண்டி நின்றால், யாராவது குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்க வேண்டும். லாரியென்றால் அது கிளீனர் வேலை. இந்தக் காரில் அது சுந்தரியின் வேலை.

“கல்லப் போடு! வெரசாக் கல்லப் போடு!”

“மொதல்ல என்னைய அவுத்து விடுங்க!”

குருநாதன் ஹாண்ட் பிரேக்கை நம்பிக் கீழே குதித்தான். அவன் நல்ல கல்லாகத் தேடிக்கொண்டிருக்கும்போது, கார் சுந்தரியோடு நிதானமாகப் பின்னால் போய் மண்திட்டில் உட்கார்ந்தது. சைலன்ஸர் கழன்று விழுந்தது.

அவன் பானட்டைத் திறந்து உள்ளே பார்த்தான். எல்லாம் இருப்பதாகத்தான் பட்டது. தண்ணீர் ஊற்றினான், ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டினான். எஞ்சின் கிளம்பியது. சைலன்ஸர் இல்லாத சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடிப் போயின.

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. மன்னவனூருக்கு உருளைக்கிழங்கு ஏற்றப் போன காலி லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்தது. பம்பர் மட்டும் லாரியோடு போயிற்று. டிரைவர் திரும்பி வந்து பம்பரை சுந்தரியின் மடியில் வைத்துவிட்டு, கயிற்றை அச்சில் கட்டிப் பெருமாள்மலைப் பட்டறை வரை இழுத்து வந்தார்.

அங்கே கொடைக்கானல் பஸ் நின்றுகொண்டிருந்தது. குருநாதனுக்கே மனசு இறங்கிவிட்டது.

“சுந்தரி, நீ இதுல போயிரு. நான் வண்டிய சரிபண்ணிட்டு வாறேன்.”

“நான் பஸ்ஸுல போயி எறங்குனா எங்கப்பா என்னங்க சொல்லுவாரு? ‘அப்பவே சொன்னேன்ல’ம்பாரு. ஒங்க காருக்கு ஒரு மரியாதை வேணாமா?”

குருநாதனுக்கு நெஞ்சு விம்மியது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்! பஸ் போய்விட்டது.

மெக்கானிக் நசுருதீன் பட்டறையிலிருந்து வந்தார். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அவர் மனைவி மரியம் பீவி, சீட்டோடு கட்டுண்டு கிடந்த சுந்தரிக்குக் காரிலேயே டீ கொண்டுவந்து கொடுத்து, நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நசுருதீன் கை வைத்ததும் எஞ்சின் ஓடியது. குருநாதன் ஏறி உட்கார்ந்ததும் நின்றது. நசுருதீன் பிளக்குகளைக் கழற்றி மாட்டினார், ஓடியது. குருநாதன் ஏறினான், நின்றது. கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினார். அப்போதும் அதே கதைதான்.

“எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலீங்க மொதலாளி” என்றார் நசுருதீன் தலையைச் சொறிந்துகொண்டு.

“தெரியலியா? மனுசன் உசுரோட வெளையாடுறானுவ பாய்! கதவு பூட்டாது, பிரேக் புடிக்காது! கம்பெனிக்காரன் மேல கேஸ் போடப்போறேன்!”

மூடுபனி இறங்கியது. டீக்கடையில் விளக்கு ஏற்றினார்கள். குருநாதன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். சத்தியம் சத்தியம்தான், கார் கைவிட்டுப் போயிற்று. துண்டை அவிழ்த்து சுந்தரியை இறக்கினான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“அழுவாத சுந்தரி. வண்டி போனாப் போவுது. வத்தலக்குண்டு பஸ் வரும், நம்ம வீட்டுக்கே போவோம்.”

துக்கம் கோபமாக மாறி நசுருதீன் மேல் பாய்ந்தது. “எல்லாம் ஒம்மாலதான்யா! நல்லா ஓடுன வண்டிய நோண்டி நோண்டிக் கெடுத்துப்புட்டீரு. நீரெல்லாம் ஒரு மெக்கானிக்கு!”

அதுவரை சும்மா இருந்த மரியம் பீவி டீ கிளாஸை டொக்கென்று வைத்தாள்.

“என் வீட்டுக்காரர வையாதீங்க தம்பி, நீங்க ஏறி உக்காரும்போது கால்மாட்டுல இருந்த வயரப் புடுங்குறதும், பானட்டத் தொறந்தா மாட்டுறதுமா இருந்தது ஒங்க பொண்டாட்டிதான், ஒரு மாசம் ஒங்களப் பிரிஞ்சு இருக்க முடியாதாம்!”