பேசாமலே கணக்குச் சொல்லித் தரும் மிஸ்

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி, சித்தப்பாவின் கோபம், தம்பியின் தலைமுடி எல்லாம் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். அங்கே நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் அறைக்கு வந்து என்ன செய்கிறாள் என்று தலைமையாசிரியை அத்தனை பேர் முன்னால் கேட்டார். நான் சொல்லவில்லை. லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை பார்க்கும் ஒரு அப்பாவிடம், "அது குழந்தைகள் நாற்காலி சார், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது" என்றும் சொல்லவில்லை. சொல்வதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் போனில் கேட்டதற்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "பிள்ளைங்ககிட்ட பேசுறதெல்லாம் ஒரு வேலையா? நானுந்தான் ரெண்டைப் பெத்து விடிஞ்சதுலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கேன், எனக்கு யாரு சம்பளம் குடுத்தா?" என்றீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சித்தி, கவுன்சலிங்கில் பேசுவது பாதிகூட இல்லை. இந்தச் சிறுமியையே எடுத்துக்கொள்ளுங்கள் (பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கும்தான்). வீட்டில் வாய் ஓயாதவளாம். பள்ளி வாசலை மிதித்தால் குரல் வராது. பிடிவாதமில்லை, திமிருமில்லை, வரவில்லை, அவ்வளவுதான். வகுப்பாசிரியை அவளுக்கு 'மௌனச் சாமியார்' என்று பட்டமே கொடுத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த இடம்தான் என் அறை. ஜன்னலோரம் அவள் உட்காருவாள், எதிரே நான். இருவரும் மரக்கட்டைகளை அடுக்குவோம். அவளைப் பேசச் சொல்ல மாட்டேன். மௌனத்தைப் பற்றிப் புத்தகங்களில் அழகழகாக எவ்வளவோ படித்திருக்கிறேன். ஏழு வயது மௌனத்துக்கு எதிரே கால் மரத்துப்போக உட்கார்ந்திருப்பது வேறு விஷயம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். போன வாரம் கோபுரம் சரிந்தபோது அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. ஆடவில்லை, அடுத்த கட்டையை எடுத்து வைத்தேன்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. வகுப்பில் கணக்கு வாய்மொழியாகத்தான் கேட்பார்கள். வாய் திறக்காதவளுக்கு எப்போதும் பூஜ்யம். "வாயால் கேட்காதீர்கள், சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்" என்று வகுப்பாசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். எழுதினாள். எல்லாமே சரி. பூஜ்யம் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று முதல் மதிப்பெண் வாங்கினால் சும்மா இருப்பார்களா? யாரோ ஒரு அம்மா என் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, நாங்கள் இருவரும் பேசாமல் கட்டையை முறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அதற்குக் கண் காது மூக்கு வைத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார்: கவுன்சலிங் மிஸ் ஒரு வார்த்தை பேசாமலே கணக்குச் சொல்லித் தருகிறாராம்.

கூட்டத்துக்கு வந்த எல்லோரும் அதைப் பார்க்க என் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். "எங்க பொண்ணுக்கும் ஒரு சீட் போடுங்க மிஸ்" என்று நாற்காலிக்குள்ளிருந்தே கேட்டார் எடைமேடைக்காரர். "என் பையன் ஓயாம பேசுறான், அவனுக்கு டபுள் கோர்ஸ் குடுங்க" என்றார் ஒரு அம்மா. "ஹோம்வொர்க் உண்டா? வீட்லயும் பேசாம இருக்கணுமா?" என்று கேட்டார் இன்னொருவர்; அவர் மனைவி அவசரமாக, "பெரியவங்களுக்கும் சேத்து ஒரு பேட்ச் இருந்தா சொல்லுங்க மிஸ்" என்றார். தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீங்களே சொல்லுங்க மிஸ், அந்தப் பொண்ணுக்கு அப்படி என்ன பண்ணீங்க?" என்றார்.

அந்தச் சிறுமியின் அம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளே என்னிடம், "வெளிய தெரிஞ்சா எம்பொண்ணுக்கு ஏதோ கோளாறுன்னு முத்திரை குத்திடுவாங்க மிஸ், யாருக்கும் சொல்லாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டவர். நான் எதைச் சொன்னாலும் அவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். பொய் சொல்லவும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் போனதும் எடைமேடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் பயபக்தியோடு, "ஆரம்பிச்சுட்டாங்க, பாருங்க" என்றார். அறையே அமைதியானது. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அப்புறம் தலைமையாசிரியை குண்டைத் தூக்கிப் போட்டார். நாளையிலிருந்து பேட்ச் பேட்சாக வகுப்பாம், பிள்ளைகள் வாய் திறக்காமல் இருக்கிறார்களா என்று அவரே நின்று பார்த்துக்கொள்வாராம். "அந்தப் பொண்ணுதான் முதல் மார்க் வாங்கியாச்சே, அவ கோர்ஸ் முடிஞ்சது. அவ நேரத்துல இவங்க உக்காரட்டும்." எல்லோரும் கைதட்டினார்கள். எடைமேடைக்காரரும் தட்டினார்; பிறகு இரண்டு பேர் நாற்காலியைப் பிடிக்க, இரண்டு பேர் அவரை இழுத்து வெளியே எடுத்தார்கள். பின்னால் தனியாகப் போய்த் தலைமையாசிரியையிடம், "அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும் மேடம்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஏன்னு சொல்லுங்க, தர்றேன்" என்றார். ஏன் என்பதைத்தானே சொல்ல முடியாது? இப்போதுதான் சிரிக்கத் தொடங்கியவளிடம் போய், உனக்கு இனிமேல் இங்கே இடமில்லை என்று சொல்ல என்னால் ஆகாது சித்தி.

ஆகவே நீங்கள் சொன்னதுதான் சரி. இது ஒரு வேலையே இல்லை. சித்தப்பாவின் சிநேகிதர் கடையில் பில் போட ஆள் வேண்டும் என்றீர்களே, நான் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் பெட்டியோடு வருவேன். பில் போடும்போது யாரும் எதையும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். தம்பியைத் தலை வாரிக்கொள்ளச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லாமல். உங்கள் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்றே எப்போதும் நினைக்கும்,

உங்கள் அக்காள் மகள்

பின்குறிப்பு: நேற்று எழுதிய இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். நல்லதாய்ப் போயிற்று. சித்தப்பாவின் சிநேகிதரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் வரவில்லை.

இன்று அவளுடைய நேரத்தில் முதல் பேட்ச் உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியை, "ஒருத்தர்கூட வாயத் திறக்கக் கூடாது" என்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். கோர்ஸ் முடிந்த விஷயத்தை அந்தச் சிறுமியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வழக்கம்போல் வந்துவிட்டாள். வாசலில் நின்று பார்த்தாள். நான் வாயெடுப்பதற்குள், நேராக ஜன்னலோரம் போய் எடைமேடைக்காரர் மகளின் முன்னால் நின்று, "எந்திரி. இது என் இடம்" என்றாள்.

"மேடம், இவ பேசுறா மேடம்!" என்று பேட்ச் மொத்தமும் கத்தியது.

தலைமையாசிரியை விரலை உதட்டிலிருந்து எடுக்க மறந்துபோய் அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகு இன்றைக்கு எதுவும் பேசவில்லை.