உங்கள் தம்பி போட்ட தையல்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

இன்று காலை பதினொன்றரை மணிக்கு நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது: “டாக்டர், அது நான் போட்ட தையல் இல்லை, என் அப்பா போட்டது.” ஒன்பதே சொற்கள். நாக்கு நுனி வரை வரிசையாக வந்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக நான் சொன்னது, “தேங்க்ஸ் டாக்டர்.”

முறைப்படி முதலில் உங்கள் நலம் கேட்டு, இங்குள்ளவர்களின் நலம் சொல்லி, அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்திருக்க வேண்டும். தலைமையாசிரியையாக இருந்தவருக்கு எழுதும் கடிதத்தில் முறை தவறினால் அது சிவப்பு மை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் என்பது அனுபவம். ஆகவே: உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா தொலைத்த காதுக் கருவி கிடைத்ததா, அல்லது அது இல்லாமலே அவர் நிம்மதியாக இருக்கிறாரா? இங்கே அம்மா நலம். உங்கள் தம்பி, அதாவது என் தந்தை, தேவைக்கு மேல் நலம். புகாரே அவர் மீதுதான். இதை இடது கையால் கணினியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன்; பிழை இருந்தால் இடது கையை மன்னிக்கவும்.

என் கை கதையை நீங்கள் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் உங்கள் தம்பி வாயால் கேட்டிருப்பீர்கள், அதில் நான் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்திருப்பேன். உண்மையில் விழுந்தது சுழல் நாற்காலியிலிருந்து. அலமாரி மேலே இருந்த பஞ்சு மூட்டையை எடுப்பதற்காக ஏறினேன். பழைய சட்டை, பாவாடை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் பட்டை பட்டையாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை வேலை எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கந்தல்’ என்பதும் தெரியும். நாற்காலிக்குச் சுழல்வது ஒன்றுதான் தெரியும், சுழன்றது. மூட்டை ஒரு பக்கம் போயிற்று, நான் மறு பக்கம் போனேன். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஓடி வந்த உங்கள் தம்பி என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், “ஏம்மா, பஞ்சு மேலேயே விழுந்திருக்கலாமே” என்றார். வலியில்கூட அது நியாயமான யோசனையாகத்தான் பட்டது.

மாவுக்கட்டு காய்வதற்குள் சளி பிடித்து, சளி நெஞ்சுக்குள் இறங்கி, நிமோனியா என்று பெயர் வாங்கி, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீடு திரும்பியபோது கட்டு பிரித்திருந்தார்கள், காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் யாருடையவோ போல இருந்தன. காபி டம்ளரைப் பிடித்தேன் என்று நினைத்தேன், டம்ளர் அப்படி நினைக்கவில்லை. இதைப் பார்த்து அம்மா என்ன செய்தாள் தெரியுமா, இந்தக் கையோடு நான் ஊசியைத் தொடக்கூடாது என்று வீட்டில் இருந்த ஒன்பது ஊசிகளையும் எங்கேயோ ஒளித்தாள். மூன்று வாரம் கழித்து எடுக்கப் போனபோது எட்டுதான் இருந்தது. அந்த ஒன்பதாவது ஊசிக்குப் பயந்து நாங்கள் மூவரும் வீட்டுக்குள் செருப்போடு நடந்தோம், உட்காருமுன் சோபாவைத் தட்டினோம், உங்கள் தம்பி தலையணையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் படுத்தார். எட்டாம் நாள் அம்மா அலுவலகத்திலிருந்து வந்து கோட்டைக் கழற்றினாள். காலர் மடிப்பில் ஊசி இருந்தது. எட்டு நாளும் அதைக் குத்திக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். “அதான் இந்த வாரம் பூரா மேனேஜர் பக்கத்துல வந்து பேசலயோ என்னவோ” என்றாள்.

இந்த நிலையில்தான் கைக்குப் பயிற்சி கொடுக்கிறவரிடம் அனுப்பினார்கள். வருகிற எல்லோர் கையிலும் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து அமுக்கச் சொல்வதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பந்து டாக்டர் என்று பெயர். முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: “நரம்பு நசுங்கியிருக்கு. தானா திரும்பினா நல்லது. இல்லன்னா மணிக்கட்டைத் திறந்து பாக்கணும். அதையும் ரொம்பத் தள்ளிப்போட முடியாது, தள்ளிப்போட்டா அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இல்ல.” எலும்பு டாக்டரிடம் பேசி அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி காலை பத்து மணி என்று ஆபரேஷனுக்கு நேரமும் வாங்கி வைத்துவிட்டார். அதற்குள் விரல் திரும்பினால் அந்தத் தேதியை அடித்துவிடலாமாம்.

“உங்களுக்குக் கையால என்ன செய்யப் பிடிக்கும்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குப் பிடித்ததை எல்லாம் வெளியாட்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது என் வழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். அதற்குள் அம்மா, “கந்தல் தைப்பா சார்” என்றாள். அவருக்குப் பிடித்துப்போயிற்று. பந்தைப் பிடுங்கிக்கொண்டார். “அப்ப அதையே செய்ங்க. தினம் ஒரு வரிசை. ஆனா கண்ணை மூடிக்கிட்டுத் தைக்கணும். விரல்தான் பாக்கணும், கண்ணு பாக்கக்கூடாது. பதினாலு நாள் கழிச்சு அந்தத் துணியைக் கொண்டு வாங்க, அதான் ரிப்போர்ட். நான் குத்திப் பாத்தா வலிக்குதுன்னு நீங்க பொய் சொல்லலாம். துணி பொய் சொல்லாது.”

பாதியில் நின்றிருந்த போர்வையில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டேன். அதில் சரியாகப் பதினான்கு பட்டைகள் இருந்தன. காலையில் அம்மா வேலைக்குக் கிளம்புமுன் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாள். இடது கட்டைவிரலைப் பட்டையின் விளிம்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அதன் ஓரமாகவே சாதாரண ஓட்டுத் தையல். முடிந்ததும் அந்தப் பட்டையில் ஓர் ஊக்கைக் குத்தி அப்படியே மடித்துவிடுவேன்; மறுநாள் ஊக்கைத் தடவிக் கண்டுபிடித்து அதற்கு அடுத்த பட்டை. விரித்துப் பார்க்கவே இல்லை. பரீட்சைத்தாளை மூடிய உறையிலேயே வைத்திருப்பவளைப் போல, டாக்டர் பிரிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா நாளும் தைக்கவில்லை. சில நாள் ஊசியைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா என்றே தெரியாது. அந்த நாட்களில் துணியை மடியில் போட்டுக்கொண்டு, அதன் மேல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் மாத்திரைத் தூக்கத்திலிருந்து கொஞ்சம் முன்பாகவே எழுந்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணி. கூடத்தில் உங்கள் தம்பி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் நூல், கையில் என் துணி. என்னைப் பார்த்ததும் எல்லாவற்றையும் செய்தித்தாளுக்கு அடியில் செருகிவிட்டு, “இன்னிக்குப் பேப்பர்ல ஒண்ணுமே இல்ல” என்றார். பேப்பர் தலைகீழாக இருந்தது. நூல் இன்னும் வாயில் இருந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இன்று டாக்டர் துணியை மேஜை மேல் விரித்தார். பதினான்கு பட்டையிலும் தையல் இருந்தது, நான் தைக்காமல் படித்துக்கொண்டிருந்த நாட்களின் பட்டை உட்பட. அதுகூடப் பரவாயில்லை. பெரும்பாலான பட்டைகளில் தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது, புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளி. அத்தை, முப்பத்தாறு வருடம் வரைபடப் பிரிவில் நேர்கோடு போட்டே சம்பளம் வாங்கியவர் உங்கள் தம்பி. வேறு யார் போட்டிருக்க முடியும்? நான் போட்டதை எல்லாம் பிரித்து எடுத்துவிட்டுத் தானே தைத்திருக்கிறார். நடுநடுவே சில பட்டைகள் மட்டும் கோணலும் மாணலுமாக, ஒரு தையல் நெல் அளவு, அடுத்தது விரல் அளவு. நம்பும்படி இருக்கட்டும் என்று என் கைவரிசையில் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார். கள்ளக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அப்படித்தான் வேண்டுமென்றே ஒரு பிழையை விடுவார்கள் என்று படித்திருக்கிறேன்.

டாக்டர் நேரான பட்டைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “பிரமாதம். கண்ணை மூடிட்டா?” என்றார். நான் தலையை ஒரு மாதிரி அசைத்தேன், அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கோணல் பட்டையைக் காட்டி, “இதெல்லாம் உடம்பு சரியில்லாத நாளா? கோழி நடந்த மாதிரி இருக்கு” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. “அவ்வளவு ஒண்ணும் மோசமில்லையே டாக்டர்” என்றார் மெதுவாக. என் கையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதே நேரம் அவரைக் கிள்ள வேண்டும் போலவும் இருந்தது. டாக்டர் நாட்குறிப்பை எடுத்து, பதினொன்றாம் தேதி மேல் ஒரு கோடு கிழித்தார். அப்போதுதான் அந்த ஒன்பது சொற்கள் வந்து நின்று திரும்பிப் போயின. அப்பா பக்கத்தில் இருந்தார். ஓர் ஆளை அவருக்கு முன்னாலேயே எப்படிக் காட்டிக்கொடுப்பது?

ஆனால் கை என்னுடையது. அதற்குள் நரம்பு செத்துக்கொண்டிருந்தால், இவருடைய அழகான தையலைக் காட்டி நாளைத் தள்ளிப்போட்டதற்கு நான்தான் அனுபவிக்க வேண்டும். வீட்டில் இவரிடம் கேட்கலாம் என்றால், “நானா?” என்று ஒரு பார்வை பார்ப்பார், நானே மன்னிப்புக் கேட்டுவிடுவேன். உலகத்தில் இவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். ஆகவே தயவுசெய்து போன் செய்து, அக்கா குரலில் அதட்டி, டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று சொன்னாலும் நம்புவார்.

மாமாவுக்கு என் வணக்கத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்லவும். உங்கள் முழங்காலும் என் மணிக்கட்டும் சீக்கிரம் அவரவர் வேலைக்குத் திரும்பட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதில் உங்கள் முழங்காலையும் மாமாவையும் விசாரித்ததைத் தவிர எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

இந்த வீட்டில் தபால் பெட்டி வரை நடப்பவர் உங்கள் தம்பி ஒருவர்தான் என்பதை, உறையை ஒட்டிய பிறகுதான் யோசித்தேன். “அக்காவுக்கா? குடு, போட்டுட்டு வர்றேன்” என்று கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது. “என்னப் பத்தியா?” என்றார். பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. தையலைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டேன்.

துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாதான் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். “நீ தைக்காம புக் படிச்சது எத்தனை நாள்?”

இவளுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துக்கொண்டே, “அஞ்சு” என்றேன்.

“கோணல் பட்டை எத்தனை?”

துணியை எடுத்து விரித்து எண்ணினேன். ஐந்து.

“இவ்வளவு படிச்சு என்ன,” என்றாள் அம்மா. “எண்ணத் தெரியல.”

உங்கள் தம்பி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நீ தைக்காத நாள் டாக்டர் திட்டுவாரேன்னு நான் போட்டேம்மா, ஊக்கையும் நகத்தி வெச்சேன். உன் பட்டையை நான் தொடவே இல்ல, சத்தியமா. அது அவ்வளவு நல்லா இருந்துது, அதுக்குப் பக்கத்துல என்னோடது...” என்று நிறுத்தினார். “கோழின்னுட்டாரே.”

“நீங்க முப்பத்தாறு வருஷம் நேர்கோடு போட்டவராச்சேப்பா.”

“ஸ்கேல் வெச்சுதானேம்மா போட்டேன். ஸ்கேல் இல்லாம ஒரு கோடு போட்டதில்ல நான்.”

நம்பிக்கை வராமல் அங்கேயே உட்காரவைத்து அவரை ஒரு வரிசை தைக்கச் சொன்னேன். கோழியேதான். பிறகு நான் கண்ணைத் திறந்துகொண்டு தைத்துப் பார்த்தேன். அது கோழியைவிட மோசம். கண்ணை மூடிக்கொண்டு தைத்தேன். அம்மா பார்த்துவிட்டுத் துணியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த ஐந்து பட்டையையும் பிரித்துவிடட்டுமா என்று கேட்டேன். “பிரிச்சுடு” என்றார் அப்பா. “பிரிக்காத,” என்றாள் அம்மா, “அடுத்த தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டியது இவர.”

மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் ஒன்பது சொற்களையும், அவற்றுக்கு மேல் ஐம்பதையும் சொன்னேன். என் கண்ணைத் துண்டால் கட்டி ஊசியைக் கையில் கொடுத்தார். பத்துத் தையல் போட்டதும் துண்டை அவிழ்த்தார். பதினொன்றாம் தேதி மேல் கிழித்த கோடு அப்படியே இருக்கட்டும் என்றார்.

இந்தக் கடிதம் இத்தனை நாளும் அனுப்பாமலே கிடந்தது. நேற்று பதினொன்றாம் தேதி. காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்தேன். போர்வையில் இரண்டு பட்டை தைத்தேன்.